எண்ணெய் தடவும் முன் ஓரத்தைப் பாருங்கள்

ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வெளியூரில் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் பிரியாணி என்பார்கள், அடுத்து செருப்பு என்பார்கள். பிரியாணியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். தோலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம், காற்று திரும்பும் நாட்களில் வீட்டுக்குள் வரும் அதன் வாடை மட்டும்தான். பள்ளிக்குப் போகும் வழியில் வண்டிகளில் ஈரம் சொட்டச் சொட்ட நீல நிறத் தோல்கள் அடுக்கடுக்காகப் போகும். அவை ஏன் நீலமாக இருக்கின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த அலட்சியத்துக்குப் பிற்காலத்தில் ஒரு ஜோடி ஷூவையும், ஒரு சோபாவுக்காக வீணாகச் செலவழித்த பணத்தையும், அப்பாவின் கைப்பையில் விழுந்த ஒரு கறுப்புப் புள்ளியையும் விலையாகக் கொடுத்தேன்.

ஷூ கதை முதலில். என் கணவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தது. தேன் நிறம். தொட்டால் கன்றுக்குட்டியின் காதுமடல்போல மெத்தென்று இருக்கும். நாங்கள் சென்னைக்குக் குடிவந்த முதல் ஐப்பசி மழையில் அது நனைந்து, காய்ந்தபின் விறைத்துப்போனது. எங்கள் பாட்டி மழைக்காலம் முடிந்ததும் தாத்தாவின் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவித் திண்ணையில் நிழலில் வைப்பார். மறுநாள் செருப்பு பதமாகிவிடும். அது நினைவுக்கு வந்தது. வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெய் இருந்தது. ஒரு துணியில் தொட்டு, நல்ல மனதோடு, இரண்டு ஷூவிலும் தாராளமாகத் தேய்த்தேன்.

காலையில் பார்த்தால் தேன் நிறம் போய், பழைய வாணலியின் அடிப்பாகம்போல ஆகியிருந்தது. மெத்தென்ற மேற்பரப்பு முழுவதும் ஒட்டிப் படிந்து, திட்டுத்திட்டாக மினுங்கியது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். தெரு முனையில் செருப்பு தைப்பவரிடம் எடுத்துப்போனேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் போய் எண்ணெய் வைப்பார்களா அம்மா?" என்று கேட்டார். கறுப்புச் சாயம் ஏற்றிப் போட்டுக்கொள்ளலாம், வேறு வழியில்லை என்றார்.

இரண்டாவது, சோபா. வாங்கும்போது 'லெதர்' என்றுதான் கடையில் சொன்னார்கள். நான்காவது ஆண்டில் கை வைக்கும் இடத்தில் பாம்பு சட்டை உரிப்பதுபோல உரியத் தொடங்கியது. தோல் வறண்டுவிட்டது போலும் என்று நினைத்து, விலை உயர்ந்த லெதர் கிரீம் வாங்கி வாரம் தவறாமல் பூசினேன். உரிவது நிற்கவில்லை. கிரீம் போட்ட இடங்களில் செதில்கள் இன்னும் சுலபமாகக் கழன்றுவந்தன. உட்கார்ந்து எழுந்தவர்களின் சட்டை முதுகில் பழுப்புச் செதில் ஒட்டியிருக்கும். விருந்தாளிகளுக்கு அதைத் தட்டிவிடுவதே எனக்கு வேலையாகிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா ஊரிலிருந்து வந்தார். அவர் எங்கள் பக்கத்தில் 'தோல் ஷாப்' என்று சொல்லும் தொழிற்சாலை ஒன்றில், தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றும் ஃபினிஷிங் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சோபாவில் உட்காரவே இல்லை. குனிந்து, அடியில் துணியைச் சற்று விலக்கி, உரிந்த இடத்தின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏம்மா, இதற்கா கிரீம் போட்டாய்? துணிமேல் பிளாஸ்டிக் பூசியிருக்கிறது. இது எந்த மாட்டையும் பார்த்ததே கிடையாது."

"தோல் என்றுதானே சித்தப்பா சொன்னார்கள்?"

"சொல்வார்கள். நீ பின்பக்கத்தைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. அன்று மாலை முழுவதும் வீட்டில் இருந்த தோல் பொருட்களையெல்லாம் கூடத்தில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு மாலையில்தான். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இது: எந்த விலங்கின் தோல் என்பது இரண்டாவது கேள்வி, அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நாம் தடவும் எண்ணெயும் கிரீமும் தண்ணீரும் முதலில் சந்திப்பது மாட்டையோ ஆட்டையோ அல்ல, அந்தப் பூச்சைத்தான். பூச்சே இல்லாவிட்டால், தடவுவதெல்லாம் நேரே உள்ளே போகும்.

அதற்கும் முன்னால், அது தோல்தானா என்று தெரியவேண்டும். அதற்கு முகத்தைப் பார்க்கக் கூடாது, ஓரத்தையும் முதுகையும் பார்க்கவேண்டும். முகத்தில் எந்த வடிவத்தையும் அச்சிட்டுவிடலாம். சித்தப்பா வேலை பார்த்த இடத்திலேயே சூடான தகடுகளை வைத்து அழுத்தி, தோல்மேல் துளை வரிசைகளைப் பதிப்பார்களாம். நம் ஊர் மாடுகள் முட்செடியில் உரசும், உண்ணி கடிக்கும், சூடுபோட்ட தழும்பு இருக்கும். அந்தக் காயங்களைத் தேய்த்து நீக்கி, மேலே நிறமிப் பூச்சுத் தெளித்து, அழகான துளைகளைத் திரும்பப் பதிப்பார்கள். அதுவும் அசல் தோல்தான். ஆனால் நாம் பார்ப்பது மாட்டின் துளை அல்ல, தகட்டின் துளை. அதனால் துளைகளைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே என்றார். மணத்தையும் நம்பக் கூடாது, அதையும் தெளிப்பார்கள்.

ஓரம் பொய் சொல்வது கடினம். வெட்டுமுனையில் நார்கள் பின்னிப்பிணைந்து, கலைத்த பஞ்சுபோலத் தெரிந்தால் தோல். மேலே ஒரு மெல்லிய ஏடும் அடியில் நெய்த துணியும் தெரிந்தால் ரெக்சின் வகை. இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்படக் கூட்டம் இருக்கிறது. தோல் ஆலைக் கழிவுத் துருவலை அரைத்துப் பசையோடு சேர்த்து அட்டைபோல் ஆக்கி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியது ஒன்று. அதன் ஓரம் நாராக இல்லாமல் தூள்தூளாக உதிரும். தோலின் அடிப்பாளத்தைப் பிளந்தெடுத்து, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் ஏட்டை ஒட்டியது இன்னொன்று. இதன் முதுகைத் திருப்பினால் அசல் நார் இருக்கும், முகத்தில் பிளாஸ்டிக் இருக்கும். 'அசல் தோல்' என்ற முத்திரை இதன்மேல் இருந்தால் அதை முழுப்பொய் என்றுகூடச் சொல்லமுடியாது.

பிளாஸ்டிக் பூச்சுள்ள இவற்றில் பாலியூரித்தேன் பூசியதுதான் என் சோபாவைப்போல உரிகிறது. காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பொருளின் மூலக்கூறுப் பிணைப்புகளைக் கொஞ்சம்கொஞ்சமாக அறுத்துவிடுகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊரில் இது சீக்கிரமே நடக்கும். போடாமல் அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் திடீரெனப் பொடிந்து விழுகிறதே, பெரும்பாலும் அதற்கும் இதுதான் காரணம். எந்த கிரீமும் இதைத் தடுக்காது, ஏனென்றால் கிரீம் ஊறுவதற்கு அங்கே நார் இல்லை. ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாமல் வைத்து, ஓடும்வரை ஓட்டுவதைத் தவிர அதற்குப் பராமரிப்பு என்று ஒன்றுமில்லை. நான் வாங்கிய கிரீமின் விலையில் நல்ல சோபா உறையே தைத்திருக்கலாம்.

அசல் தோல் என்று தெரிந்துவிட்டால் அடுத்தது ஒரு சொட்டுத் தண்ணீர். பையின் அடிப்பக்கம், ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் என்று யார் கண்ணிலும் படாத இடத்தில் விரல்நுனியால் ஒரு சொட்டு வைத்து, நூறு எண்ணும்வரை பார்க்கவேண்டும். சொட்டு முத்தாக நின்றால் மேலே நிறமிப் பூச்சு இருக்கிறது. சோபா, அலுவலக ஷூ, கார் இருக்கை ஆகியவற்றில் அசல் தோலாக இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். ஈரத்துணியால் துடைக்கலாம், மிதமான கிரீம் போடலாம். சொட்டு சில நொடிகளில் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், சாயம் மட்டும் ஏற்றிப் பூச்சில்லாமல் விட்ட தோல். அனிலின் தோல் என்பார்கள். இதுதான் விலை அதிகம், இதுதான் மென்மை, இதுதான் எளிதில் கெடுவது. வியர்வைக் கை பட்டாலே நிறம் மாறும். குழந்தைக்கு வைத்திருந்த ஈரக் காகிதத்தால் இப்படிப்பட்ட பர்ஸ் ஒன்றை என் தோழி துடைத்தாள். சாயம் காகிதத்தோடு வந்துவிட்டது.

குளியல் சோப்பு எதற்குமே வேண்டாம் என்றார் சித்தப்பா. தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உள்ளதாகத்தான் ஆலையைவிட்டு வெளியே வருகிறது. சோப்பு காரம். அடிக்கடி போட்டால் உள்ளிருக்கும் கொழுப்பும் சாயமும் போய் நார் விறைக்கும்.

இப்போது என் ஷூவுக்கு வருகிறேன். அது நுபக். மாட்டுத்தோலின் முடியிருந்த பக்கத்தை உப்புத்தாள்போன்ற ஒன்றால் மெல்லத் தேய்த்து, பூம்பட்டுபோல் ஆக்கியது. ஸ்வேட் என்பது அதன் மறுபக்கம், அதாவது சதைப் பக்கத்தைத் தேய்த்தது. ஆகவே அதன் நார் சற்று நீளமாக இருக்கும், விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு தெளிவாக நிற்கும். நுபக்கில் கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் முடித்துளைகள் தெரியும். இரண்டுக்கும் விதி ஒன்றே: எண்ணெய், மெழுகு, கிரீம் எதுவும் கூடாது. நிற்கும் நார்தான் அவற்றின் அழகு, எண்ணெய் அந்த நாரைப் படுக்கவைத்துவிடும். உலர்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்க்கவேண்டும். அழுக்குத் திட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரே போதும். எண்ணெய் சிந்திவிட்டால் உடனே சோளமாவையோ முகப்பவுடரையோ கொட்டி, இரவு முழுவதும் வைத்து மறுநாள் தட்டிவிட்டால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். நான் செய்ததுபோல ஷூ முழுக்கக் குளிப்பாட்டியிருந்தால் சோளமாவுக்கும் சக்தியில்லை.

ஏமாற்றும் ஒரு வகை இருக்கிறது. பார்க்க நுபக்போல மங்கலாக இருக்கும், ஆனால் எண்ணெயும் மெழுகும் ஏற்றிய தோல். நகத்தால் மெல்லக் கீறினால் வெளிறிய கோடு விழும், கட்டைவிரல் சூட்டில் தேய்த்தால் கோடு மறையும். மடித்தால் மடிப்பில் நிறம் வெளுக்கும். இதற்கு எண்ணெய் கலந்த மெழுகு கொடுக்கலாம், விரும்பிக் குடிக்கும். நகக்கீறல் மறையவில்லை, நார்தான் நிமிர்ந்து படுத்தது என்றால் அது நுபக், எண்ணெய் டப்பாவை மூடிவிடுங்கள். கண்ணாடிபோல மினுங்கும் பேடன்ட் தோலைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அது தோல்மேல் போட்ட வார்னிஷ். ஈரத்துணி போதும். செய்தித்தாளில் சுற்றிவைத்தால் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பாட்டியின் விளக்கெண்ணெய் ஏன் பலித்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாத்தாவின் செருப்பு, மரப்பட்டை ஊறிய நீரில் பதனிட்ட தடித்த எருமைத்தோல். மேலே எந்தப் பூச்சும் கிடையாது. அது எண்ணெய் குடிக்கப் பிறந்தது. நான் பாட்டியின் கைவேலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, செருப்பை மறந்துவிட்டேன்.

பட்டையில் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய கலை. ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் தோலை வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய் நீர் காட்டி எடுப்பார்கள். வெளிர் வைக்கோல் நிறத்தில் வரும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இப்படிப் பதமாகி சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் போனதால் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று பெயர் வந்தது. ஈ.ஐ. தோல் என்ற சுருக்கப் பெயருக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம்பட்டையின் இடத்தை இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இந்த வேலை நெடுங்காலமாக நடந்துவருகிறது. எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பெரும்பாலும் குரோமிய உப்பு. அது வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடும். பள்ளிக்குப் போகும் வழியில் நான் பார்த்த நீலம் அந்தக் குரோமியத்தின் நீலம். தோல் ஆலைக் கழிவுநீர் பாலாற்றுக்குச் செய்ததைத் தனியாகத்தான் எழுதவேண்டும். 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போன விவகாரம் அது.

பராமரிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு எதற்கு? குரோமியத்தில் பதமான தோல் சூட்டையும் நீரையும் நன்றாகத் தாங்கும், மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். பட்டைத்தோல் விறைப்பாக, கனமாக இருக்கும், வெயிலில் நிறம் கூடும், ஈரத்தோடு சூடுபட்டால் சுருங்கிவிடும். நனைந்த பட்டைத்தோல் செருப்பை வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்தால் அதோடு கதை முடிந்தது. உள்ளே காகிதம் திணித்து, மின்விசிறிக் காற்றில் பொறுமையாகத்தான் உலர்த்தவேண்டும். வெட்டுமுனையில் நடுப்பகுதி சாம்பல் நீலமாகத் தெரிந்தால் குரோமியம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டை. உட்புறம்வரை சாயம் ஊறியிருந்தால் இந்தச் சோதனை உதவாது. குரோமியமும் பட்டையும் இல்லாமல் வேறு முறையில் பதனிட்ட தோல்களும் இப்போது, முக்கியமாகக் கார் இருக்கைகளில், வருகின்றன.

அப்பாவின் கைப்பைக்கு வந்துவிட்டேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தார். ஈ.ஐ. ஆட்டுத்தோலில் தைத்த பழுப்புப் பை, நாற்பது ஆண்டு அவர் தோளில் கிடந்து செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. அவர் போனபின் நான் எடுத்துவந்தேன். ஒரு மழைநாளில் அதன் வார் பிய்ந்தது. தற்காலிகமாக ஒரு ஊக்கைக் குத்தி இரும்பு அலமாரியில் தொங்கவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஊக்கு துருப்பிடித்திருந்தது, அதைச் சுற்றி மைக்கறுப்பில் ஒரு வட்டம். துடைத்தேன், போகவில்லை. எலுமிச்சைச் சாறு வைத்தேன், ஓரம் வெளுத்து இன்னும் அசிங்கமானது.

சித்தப்பா அந்தப் புள்ளியைப் பார்த்ததும், "உன் பாட்டனார் கடுக்காய் மை காய்ச்சியது தெரியுமா?" என்று கேட்டார். கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைப் போட்டால் கன்னங்கரேலென்று மை வரும். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயிலும் பட்டையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கறுக்கும். என் ஊக்கு பையின் மேலேயே மை காய்ச்சியிருக்கிறது. பட்டைத்தோல் பொருளை இரும்பு ஆணியிலும் துருவேறிய கொக்கியிலும் மாட்டக் கூடாது, பித்தளை வளையம்தான் அதற்குச் சரி. அடையாளம் காணவும் இது உதவும். ஒரு துண்டு கழிவுத்தோல் கிடைத்தால் துருவூறிய தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கறுத்தால் பட்டைத்தோல். பொருளின்மேல் வைத்துவிடாதீர்கள். தீயில் காட்டிப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான், கையில் கழிவுத்துண்டு இருந்தால் மட்டும். மயிர் கருகும் நாற்றம் வந்தால் தோல். பிளாஸ்டிக்காக இருந்தால் உருகும், அந்தப் புகை நல்லதல்ல.

விலங்கைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். பூச்சில்லாத தோலில் மட்டும் இதைப் பார்க்கலாம். ஆட்டின் துளைகள் சின்னச்சின்னக் கூட்டமாக, வரிசை வரிசையாக இருக்கும். பசுவின் துளைகள் நெருக்கமாக, எங்கும் சமமாக இருக்கும். எருமையில் பெரிதாகவும் இடைவெளிவிட்டும் இருக்கும். செம்மறியின் தோல் வெண்ணெய்போல மென்மை, ஆனால் உள்ளே கொழுப்பிருந்த இடங்கள் காலியாகி, மேலடுக்கும் கீழடுக்கும் தளர்ந்த பிடிப்போடு இருக்கும். அதனால் செம்மறித்தோல் ஜாக்கெட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது, மேலடுக்கு கழன்றுவிடும். வெள்ளாடு மெல்லியதாக இருந்தாலும் உறுதி. அப்பாவின் பை அதற்குச் சாட்சி.

பறையிலும் மிருதங்கத்திலும் இருப்பது இந்தக் கணக்கிலேயே வராது. அது பதனிடாத பச்சைத்தோல். பறையை வாசிக்கும் முன் நெருப்பில் காட்டுவது, உள்ளிருக்கும் ஈரம் போய்த் தோல் இறுகத்தான். அதற்கு எண்ணெய் வைத்தால் ஓசையே போய்விடும்.

மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் பை, பெல்ட் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். எல்லாமே பூஞ்சை அல்ல என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பூஞ்சை வட்டம் வட்டமாக, மெல்லிய பூனைமுடிபோல வளரும், முடைநாற்றம் இருக்கும். தோலுக்கு உள்ளிருந்து கொழுப்பு கசிந்து மேலே உறைவதும் வெள்ளையாகத்தான் இருக்கும். முடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து ஒரு நொடி சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறைந்துவிடும், பூஞ்சை அப்படியே இருக்கும். கொழுப்பென்றால் துணியால் துடைத்தால் போதும். பூஞ்சையென்றால் வெளியே எடுத்துப்போய்த் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்தவேண்டும். வீட்டுக்குள் தட்டினால் அது மற்றப் பொருட்களுக்கும் பரவும். பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். பழைய பருத்தி வேட்டியில் தைத்த பைகள்தான் இப்போது.

போன மாதம் மகனுக்கு பெல்ட் வாங்கப் போனோம். கடைக்காரர் நான்கைந்தை எடுத்துப்போட்டு, எல்லாம் அசல் தோல் என்றார். பெல்ட்டின் ஓரங்களில் சாயம் பூசி மறைத்திருப்பார்கள், ஆனால் துளைகளை மறப்பார்கள். கொக்கி மாட்டும் துளை ஒவ்வொன்றும் ஒரு வெட்டுமுனை. கைப்பேசி விளக்கைப் போட்டு ஒவ்வொரு துளைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். முதல் இரண்டில் நடுவே அட்டைத்தூள் தெரிந்தது. மூன்றாவதில் மேலும் கீழும் தோல், நடுவே துணி. "என்னம்மா, காதுக்குள் பார்க்கும் டாக்டர் மாதிரி பார்க்கிறாயே" என்று மகன் சங்கடத்தோடு இரண்டடி தள்ளி நின்றான். நான்காவதில் மேலிருந்து கீழ்வரை ஒரே நார், நடுவில் சாம்பல் நீலம். அதை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.